துளை போட்டால்தான் மானியம்

அமெரிக்காவின் பெரிய ரயில் கம்பெனிகள் கழித்துக் கட்டும் டீசல் என்ஜின்களுக்கு மறுவாழ்வு கொடுப்பவை ‘ஷார்ட்லைன்’ எனப்படும் குட்டி ரயில் நிறுவனங்கள். 1980-இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. லாபம் தராத கிளைப் பாதைகளைப் பெரிய கம்பெனிகள் கைகழுவ, சிறு முதலாளிகள் அவற்றை எடுத்து ஓட்டினார்கள். இன்று அங்கே இப்படிச் சுமார் 600 நிறுவனங்கள். தானியக் கிடங்குக்கு நாலு வேகன், மரமில்லுக்கு ரெண்டு வேகன் என்று பிழைப்பவர்களுக்குப் புது என்ஜின் கட்டுப்படியாகுமா?

அதனால்தான் ஜிபி9 போன்ற கிழட்டு என்ஜின்கள் இன்னும் உழைக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு 1954 முதல் 1963 வரை 4,000-க்கும் மேல் தயாரித்த மாடல் இது. 16 சிலிண்டர், 1,750 குதிரைத்திறன். பின்னால் வந்த 645 ரக என்ஜினின் பிஸ்டனும் லைனரும் சிலிண்டர் ஹெட்டும் இதன் 567சி பிளாக்கில் அப்படியே உட்காரும். உதிரிபாகம் கிடைக்கும்வரை இந்த வண்டிக்குச் சாவில்லை.

ஆல்கோ என்ஜின்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடியில் இருந்த அந்தக் கம்பெனி 1969-இலேயே என்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் 251 ரக டீசல் நமக்கு நன்கு பழக்கமானதுதான். வாரணாசியில் உரிமம் பெற்றுத் தயாரித்து, பொன்மலையிலும் ஈரோட்டிலும் பராமரித்து, தமிழ்நாட்டு ரயில்களைப் பல்லாண்டு இழுத்த டபிள்யூடிஎம்-2-க்குள் இருந்தது அதுவே. அமெரிக்காவில் ஆல்கோவை நம்பியவர்கள் ஓடாத ஆல்கோவையும் வாங்கிக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவைத்தார்கள். பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் டெலவேர்-லாக்கவானா நிறுவனம் ஆல்கோக்களைக் கொண்டே சரக்கு இழுத்துப் பெயர் வாங்கியது. 1986-இல் தொடங்கிய ஆர்கன்சா-மிசௌரி ரயில் நிறுவனமும் ஆல்கோவோடுதான் வளர்ந்தது. 2010-களில் அதுவும் எலக்ட்ரோ-மோட்டிவின் புது என்ஜின்களை வாங்கியது.

கொட்டகைக்குப் பின்னால் நிற்பது ஒரே நாளில் சாவதில்லை. இந்த மாதம் டர்போவைக் கழற்றுவார்கள். அப்புறம் கம்ப்ரசர், டிராக்‌ஷன் மோட்டார், சக்கரம், கேபின் கண்ணாடிகூட. ஒன்று கூடாகிப்போனால் இன்னொன்று வேலைக்குப் போகும். எடுக்க இனி எதுவும் இல்லை என்ற நிலையில்தான் பழைய இரும்பு வியாபாரி வருவார். எண்ணெயை வடித்து, பேட்டரியை இறக்கி, பழைய வண்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதையும் தனியே அகற்றிய பிறகே கேஸ் கட்டருக்கு வேலை. ஜெனரேட்டரின் செம்புச் சுருளுக்குத் தனி விலை. உருக்கு, துண்டு துண்டாக உலைக்குப் போகும்.

இந்தச் சங்கிலியில் இப்போது அரசு மானியமும் நுழைந்திருக்கிறது. புகைச் சோதனையில் ஏமாற்றி மாட்டிக்கொண்ட ஃபோக்ஸ்வாகன், 2016 சமரசத்தின்படி மாசுக் குறைப்பு நிதியாகச் சுமார் 290 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. ஆண்டுக்கு 1,000 மணி நேரமாவது ஓடும் பழைய ஷண்டிங் என்ஜின்களை மாற்றவும் அந்தப் பணத்தைக் கேட்கலாம். ஆனால் பழைய என்ஜின் பிளாக்கில் மூன்று அங்குலத் துளை போட்டாக வேண்டும். எவரும் மறுபடி ஓட்டிவிடக் கூடாதாம். யானைப் பழமொழி இங்கே பாதிதான் செல்லும்: இறந்தால்தான் ஆயிரம் பொன்.

யார்டை ஒட்டிக் குடியிருந்து புகையைச் சுவாசிப்பவர்களுக்கு அந்தத் துளை நியாயம்தான். விற்றுவிட்டால் அதே புகை அடுத்த ஊருக்குப் போகும், அவ்வளவுதானே! வாரம் இரண்டு நாள் வயல்வெளியில் உருளும் ஜிபி9 கதை வேறு. அந்த 1,000 மணி நேர வரம்பே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறது.

கலிஃபோர்னியா இந்த வித்தியாசத்துக்கு அவ்வளவாக இடம் தரவில்லை. 23 ஆண்டுக்கு மேற்பட்ட என்ஜின்கள், புகையே விடாதவை தவிர, 2030 முதல் மாநிலத்துக்குள் ஓடக் கூடாது என்று அதன் காற்று வள வாரியம் 2023-இல் விதி கொண்டுவந்தது. தாங்க முடியாது என்று குட்டி நிறுவனங்கள் எதிர்த்தன. அதை அமல்படுத்த மத்திய அரசிடம் கேட்டிருந்த அனுமதி மனுவை 2025 ஜனவரியில் வாரியமே திரும்பப் பெற்றுக்கொண்டது.