எரு மூட்டையின் மறுவிலை
நியாயமான கொள்முதல் பற்றிக் குடியானவர்களுக்குச் சில குறிப்புகள்

தாம் விளைவித்த நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் நியாயமான விலை வேண்டுமென்று குடியானவர்கள் கேட்பது முற்றிலும் தர்மமே. மண்டியில் எடை குறைவதும், தரகு கூடுவதும், அறுவடைக் காலத்தில் விலை இறங்குவதும் அவர்கள் நெடுநாளாக அனுபவித்து வரும் கஷ்டங்கள். ஆயினும் குடியானவர் விற்பவர் மட்டுமல்லர், வாங்குபவருமாவார். எரு, டீசல், மின்சாரம் ஆகிய மூன்றுமின்றி இக்காலத்தில் சாகுபடி நடைபெறுவது அரிது. இவை எவ்விடத்தில் உண்டாகின்றன, அவ்விடத்து ஜனங்கள் அதனால் அடையும் நஷ்டம் யாது என்பதை விசாரித்தறிவதும் நியாய வியாபாரத்தில் ஒரு பாகமேயாகும்.

இக்கொள்கையின் வரலாறு

இது புதிதாகத் தோன்றிய எண்ணமன்று. 1791-ம் வருஷத்தில் அடிமை வியாபாரத்தை நிறுத்தும் மசோதாவைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நிராகரித்தபோது, அடிமைகளின் உழைப்பால் மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சர்க்கரையை அந்நாட்டில் ஏராளமான குடும்பங்கள் விலக்கின. நம் நாட்டில் 1904-ல் திருவல்லிக்கேணியில் ஏற்பட்ட கூட்டுறவுப் பண்டகசாலை, சரியான எடையும் நேர்மையான விலையும் அங்கத்தினருக்குக் கிடைக்கச் செய்யும் நோக்கத்துடன் தோன்றியது. 1935-ல் அகில பாரத சர்க்கா சங்கம், காந்தியடிகளின் வற்புறுத்தலின்பேரில், நூற்போருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. அதனால் கதரின் விலை ஏறுமென்பதை அறிந்தே அவ்வாறு செய்யப்பட்டது. 1988-ல் ஹாலந்து தேசத்தில், மெக்ஸிகோ நாட்டுச் சிறு குடியானவர்களின் காப்பிக்கு நியாய வியாபார முத்திரையிட்டு விற்கும் ஏற்பாடு தொடங்கியது. பொருளின் விலை மலிவாயிருப்பதால் மாத்திரம் அது நியாயமாகிவிடாது என்பதே இவையனைத்தின் சாரமாகும்.

எண்ணூர்க் கரையின் நிலைமை

1856-ல் இராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய காலமுதல், உள்நாட்டு விளைபொருள்கள் வடசென்னைக் கடற்கரைக்கு வருவதும், அக்கரையில் இறங்கிய சரக்குகள் கிராமங்களுக்குச் செல்வதும் வழக்கமாயின. இன்று திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பிரதேசத்தில் எருத் தொழிற்சாலைகளும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அனல்மின் நிலையங்களும் நிறைந்திருக்கின்றன. குடியானவரின் முக்கியமான தேவைகள் மூன்றும் இவ்வொரு கரையிலிருந்தே கணிசமான அளவில் வருகின்றன.

முதலாவது எரு. 16 பங்கு தழைச்சத்தும், 20 பங்கு மணிச்சத்தும், 13 பங்கு கந்தகமும் கொண்ட கலப்பெரு எண்ணூரில் உள்ள கோரமண்டல் இண்டர்நேஷனல் தொழிற்சாலையில் தயாராகிறது. இதற்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் குளிர்ந்த திரவமாக வந்து, கடலடிக் குழாய் வழியே கரையேறுகிறது. 2023 டிசம்பர் 26-ம் தேதி இரவு அக்குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய ஊர்களின் ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் தாங்காமல், உறங்கும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர்.

இரண்டாவது எண்ணெய். அதே மாதத் தொடக்கத்தில் மிச்சாங் புயல் மழையின்போது, மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து வெள்ளத்துடன் கலந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் கரிய எண்ணெய் படிந்து, மீன்பிடிப்போர் பல நாள் தொழிலிழந்தனர்.

மூன்றாவது மின்சாரம். நம் மாநிலத்தில் பாசன பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆனால் நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்யுமிடத்தில் சாம்பல் மிஞ்சுகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்த விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் விசாரணைக்கு வந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊரார் இறால் பிடிக்கும் நீர்நிலை இதுவே. வயல் மேடுதட்டிப் போனால் குடியானவருக்கு எவ்வளவு நஷ்டமோ, ஆறு தூர்ந்தால் அவர்களுக்கும் அவ்வளவே நஷ்டம்.

வாங்காதிருப்பது பரிகாரமாகுமா?

அவ்விடத்துச் சரக்கையே விலக்கிவிடலாமென்று சிலர் கூறக்கூடும். இது யோசிக்கத்தக்கதெனினும் போதிய பரிகாரமன்று. பயிருக்குச் சத்து தேவை. தொழிற்சாலையை நம்பி வாழும் கூலியாட்களும் அங்கு உளர். வேறிடத்து மூட்டையை வாங்கினால், அம்மூட்டைக்கும் வேறொரு கரை இருக்கும். ஆகவே தேவைக்கு மேல் வாங்காதிருத்தல், வாங்குவதை வீணாக்காதிருத்தல், ஒன்றுகூடி விசாரித்தல் ஆகிய மூன்றுமே பயன் தருவன.

செய்யத்தக்க காரியங்கள்

1. மண் பரிசோதனை செய்து, சிபார்சு செய்யப்பட்ட அளவே எருவிடுக. நீர் தேங்கிய நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதியில் ஒரு பாகம் அம்மோனியாவாகவே காற்றில் கலந்துவிடுகிறது. எண்ணூரில் மூச்சை அடைத்த அதே வாயு, நம் வயலிலிருந்தும் நம் பணத்துடன் மேலே போகிறதென்பதை நினைவிற் கொள்க. யூரியாவை ஒரே தடவையில் இறைக்காமல், இலை வண்ண அட்டையைக் கொண்டு பயிரின் பசுமையைப் பார்த்துப் பல தடவையாகப் பிரித்திடுவது நலம்.

2. நடவுக்குமுன் தக்கைப்பூண்டு விதைக்கலாம். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். சுமார் 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், ஒரு மூட்டை யூரியாவிலுள்ள தழைச்சத்துக்குக் குறையாத சத்து நிலத்திற் சேரும். 45 கிலோ மூட்டையில் உள்ள தழைச்சத்து சுமார் 20 கிலோ மாத்திரமே. சணப்பு, கொழிஞ்சி ஆகியவையும் தக்கவையே.

3. மின்சாரம் இலவசமென்று நீரை வீணே இறைக்க வேண்டாம். நெல்லுக்கு, கட்டிய நீர் மறைந்தபின் மறுநீர் கட்டினால் விளைச்சல் குறைவதில்லை. ஆனால் பூக்கும் பருவத்தில் வயல் காயலாகாது. பம்பின் அடிவால்வில் அடைப்பும் குழாயில் ஒழுக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்க.

4. எரு வாங்கும்போது ரசீது கேட்டுப் பெறுக. 1985-ம் வருஷத்து எருக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி தயாரிப்பாளரின் பெயர், சத்துக்களின் அளவு, எடை, உச்ச விலை ஆகியவை மூட்டையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வாங்கும் மூட்டை எந்த ஆலையிலிருந்து வந்ததென்பதை அறிய இதுவே முதல் வழி.

5. தனி ஒருவரின் கேள்வி காற்றோடு போகும். சங்கத்தின் கேள்விக்குப் பதில் வரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் தமது பொதுக்கூட்டத்தில் தீர்மானம் செய்து, தாம் விற்கும் எருவைத் தயாரிக்கும் ஆலையாருக்கு எழுதலாம். 2025 வரை அமலிலிருந்த 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 41-பி பிரிவு, அபாயமான தொழில் நடத்துவோர் அதன் அபாயங்களையும், விபத்து நேரிட்டால் செய்யவேண்டியதையும் சுற்றுப்புற ஜனங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்களென்று விதித்திருந்தது. அக்கடமை நிறைவேறியதா, அபாயச் சங்கு இருக்கிறதா, ஊராருக்கு ஒத்திகை நடந்ததா என்று கேட்பது பெருந்தொகைக்குச் சரக்கெடுக்கும் சங்கத்திற்கு முற்றிலும் உரியதே.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

மேற்கண்ட விஷயங்களைக் கிராமசபைக் கூட்டங்களில் எடுத்துரைப்பதும், மண் பரிசோதனைக்கு மாதிரிகள் அனுப்ப உதவுவதும், உச்ச விலைக்கு மேல் விற்போரைப் பற்றி வேளாண்மை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் உத்தியோகஸ்தர்கள் எளிதிற் செய்யக்கூடிய காரியங்கள்.

அரிசியின் விலை போதாதென்று நாம் பட்டணத்தாரிடம் கூறும்போது, அவ்வரிசிக்குப் பின்னால் இருக்கும் எமது உழைப்பை எண்ணிப் பாருங்கள் என்றே கேட்கிறோம். எண்ணூர்க் கரையாரும் நம்மிடம் கேட்பது அதுவே. வரும் பருவத்துக்கு எரு வாங்கப் புறப்படுமுன் மண் பரிசோதனைச் சீட்டை ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்குமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதனால் மிஞ்சும் ஒவ்வொரு மூட்டையும் அவர்களுக்கு லாபம். அக்கரையாருக்கு அவ்வளவு பாரம் குறைவு.