ஏழு எண்ணிக்கையும் முப்பது பவுண்டும்

பிங்க் ஃபிளாய்ட் குழுவினரின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 மார்ச்சில் வெளிவந்த இசைத்தொகுப்பு. பள்ளிப் பருவத்தில், ஒலிநாடா தேயத் தேய அதைக் கேட்டவர்கள் நாம். பணத்தைப் பாடும் 'மனி' தொடங்குகையில் கல்லாப்பெட்டி திறக்கும், சில்லறை குலுங்கும், காகிதம் கிழியும். அந்நாளில் அது நமக்கு வேடிக்கை.

கிட்டாரே தொழிலாகிவிட்ட இவ்வயதில் மீண்டும் கேட்டபோது, கை தானாகத் தொடையில் தாளமிட்டது. எண்ணிக்கை ஏழு, நம் மிச்ர சாபுவின் கணக்கு! அந்த ஒலிகளை நாடாத் துண்டுகளாக அளவுகோலால் அளந்து வெட்டி, வளையமாக ஒட்டியிருக்கிறார்கள். கிட்டாரின் தனிவாசிப்பு வந்ததும் தாளம் நான்காகிறது. வாசிப்பவருக்கு அது எத்தகைய விடுதலை என்பதை வாசித்தோரே அறிவர்.

ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. அதில் சொல்லே இன்றி உருகியும் கதறியும் எழும் பெண்குரல் கிளேர் டாரியுடையது. லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடியதற்கு அவர் பெற்ற ஊதியம் 30 பவுண்டு. பாட வரிகள் தரப்படவில்லை. குரலின் போக்கை அவரே கண்டார். 2004இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. அதன்பின் பாடலை ஆக்கியோராக ரிச்சர்ட் ரைட்டுடன் அவர் பெயரும் இடம்பெறுகிறது.

ஒலிப்பதிவுகளில் நாட்கூலிக்கு வாசித்துத் திரும்பும் நமக்கு அந்த 30 பவுண்டின் கனம் தெரியும். அண்மையில் நம் மகளுக்கு இப்பாடலைப் போட்டுக் காட்டினோம். "பாடியது யார்?" என்றுதான் முதலில் கேட்டாள். பெயரைச் சொன்னோம்.