பணம் மாட்டிக்கொள்ளும் அந்த நேரம்

டிஜிட்டல் வாலட் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் ஒரே பட்டியல்தான்: எளிமை, வேகம், பாதுகாப்பு, சலுகை. இவை இருந்தால் வாடிக்கையாளருக்குத் திருப்தி. திருப்தி இருந்தால் விட்டுப் போகமாட்டார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் என் போனில் மூணு ஆப் இருக்கு. மூன்றிலும் எனக்குப் பெரிய குறையில்லை. எதன் மேலும் தனிப் பற்றும் இல்லை. ஏன்?

முதல் காரணம், எதிர்பார்ப்பு. எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் திருப்தி பிறக்கிறது என்று ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் எழுதினார். அனுப்பிய பணம் போய்ச் சேரும் என்பது இன்று எல்லாருடைய எதிர்பார்ப்பு. சேர்ந்தால் யாரும் பாராட்டுவதில்லை. சேராதபோதுதான் ஆப்பையே கவனிக்கிறோம்.

இரண்டாவது, விலகுவது எவ்வளவு சுலபம் என்பது. வாலட்டில் முதலில் பணத்தைப் போட்டு வைக்கணும். 2016 நவம்பர் பணமதிப்பிழப்பின்போது பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். உள்ளே மீதி இருக்கும்வரை விட மனசு வராது. அதைப் பற்று என்று சொல்ல முடியுமா? யுபிஐயில் பணம் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. ஆப் வெறும் வாசல்தான். கடையில் ஒட்டியிருக்கும் அதே க்யூஆர் கோடை வேறு ஆப்பிலும் ஸ்கேன் பண்ணலாம். கேஷ்பேக் கூடுதலாகக் கிடைக்கும் பக்கம் ஆள் போயிடுவார்.

அப்போ எதுதான் நம்மை நிறுத்தி வைக்கும்? பணம் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் ஆப் நடந்துகொள்ளும் விதம் என்பேன். "அக்கவுண்ட்ல எடுத்துட்டாங்க, கடைக்காரருக்கு வரலை." இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்தது. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

விதி சரிதான். ஆனால் மாசக் கடைசியில் கையிருப்பே 500 ரூபாய் என்று இருப்பவருக்கு அந்த 5 நாள் ரொம்ப நீளம். பணம் எந்த வங்கியில் நிற்கிறது, எப்போது திரும்பும், யாரைக் கேட்கலாம் என்று தமிழில் தெளிவாகச் சொல்கிற ஆப்பை அவர் மறக்கமாட்டார். "பிராசஸிங்" என்று மட்டும் காட்டுவதையும் மறக்கமாட்டார்.

ஒரு சிக்கலும் உண்டு. இப்போது பயன்படுத்துபவர்களிடம் மட்டும் "திருப்தியா?" என்று கேட்டால், வெறுத்துப்போய் ரொக்கத்துக்குத் திரும்பியவர் கணக்கிலேயே வரமாட்டார். அவரைத் தேடிப்பிடித்து, கடைசியாகப் பணம் மாட்டினப்போ என்ன நடந்தது என்று கேட்கணும். காரணம் அங்கேதான் கிடைக்கும்.