மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை: அந்த '2' உண்மையிலேயே 2-தானா?

ஏ-லெவல் இயற்பியல் படிக்கிறீர்களா? இல்லை, படித்து முடித்து மறந்தே போய்விட்டீர்களா? பரவாயில்லை. கூலோம் விதி மட்டும் எங்கோ மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே விசை இருக்கும். தூரத்தை இரு மடங்காக்கினால் விசை நாலில் ஒரு பங்காகும். மூன்று மடங்காக்கினால் ஒன்பதில் ஒரு பங்கு. அதாவது தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். பிரெஞ்சுக்காரர் ஷார்ல் கூலோம் 1785-இல் முறுக்குத் தராசு வைத்து அளந்து சொன்னது.

தேர்வுக்கு இது போதும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த அடுக்கு எண் சரியாக 2-தானா? 2.0001-ஆக இருக்கக்கூடாதா?

சும்மா வம்புக்குக் கேட்கும் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் அந்த எண் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒளியைப் பற்றி நாம் நம்பும் பல விஷயங்கள் சேர்ந்து நகர்ந்துவிடும். அதனால்தான் இயற்பியலாளர்கள் 250 ஆண்டுகளாக இதை விடாமல் சோதித்து வருகிறார்கள்.

ஒன்றும் இல்லாததை அளப்பது

விசையை நேரடியாக அளந்து 2-ஐ நிரூபிக்கப் பார்த்தால் ரொம்பத் தூரம் போக முடியாது. தராசு கொஞ்சம் ஆடும், கை நடுங்கும், காற்று அடிக்கும். இதைவிடப் புத்திசாலித்தனமான வழி ஒன்று இருக்கிறது.

ஓர் உள்ளீடற்ற உலோகப் பந்தைக் கற்பனை செய்யுங்கள். அதன் மேல் முழுக்க மின்னூட்டம். நீங்கள் பந்துக்குள், ஆனால் நடுவில் இல்லாமல் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிற்கிறீர்கள். கையில் முன்னும் பின்னும் ஒளி பாய்ச்சும் ஒரு டார்ச். பக்கத்துச் சுவரில் விழும் வெளிச்சம் சின்ன வட்டம். எதிர்ச்சுவரில் விழுவது பெரிய வட்டம்.

எதிர்ச்சுவர் மூன்று மடங்கு தூரம் என்றால், அங்கே விழும் வட்டத்தின் பரப்பு ஒன்பது மடங்கு. அப்படின்னா அங்கே மின்னூட்டமும் ஒன்பது மடங்கு. ஆனால் தூரம் மூன்று மடங்கு என்பதால் விசை ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். பெருக்கிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சரிசமம். எந்தத் திசையில் டார்ச் அடித்தாலும் இதே கதைதான். மொத்தத்தில் உள்ளே விசை பூஜ்யம்.

இந்தக் கணக்கு அடுக்கு எண் சரியாக 2-ஆக இருந்தால் மட்டுமே பொருந்தும். 2.0001 என்றால்கூட உள்ளே கொஞ்சம் விசை மிஞ்சும். ஆக, பந்துக்குள் எதுவும் இல்லை என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறதோ, அவ்வளவு துல்லியமாக 2-ஐச் சொல்லலாம்.

இதை முதலில் சரியாகச் செய்தவர் ஹென்றி கேவண்டிஷ். 1773-இல், அதாவது கூலோமுக்கும் முன்னாலேயே. ஒரு கோளத்தைச் சுற்றி இரண்டு அரைக்கோளங்களை மூடினார். வெளியே மின்னூட்டம் ஏற்றி, உள்கோளத்தோடு கம்பியால் இணைத்தார். பிறகு கம்பியை எடுத்துவிட்டு, அரைக்கோளங்களைத் திறந்து, நெட்டி உருண்டைகளால் உள்கோளத்தைச் சோதித்தார். மின்னூட்டம் இல்லை. அடுக்கு எண் 2-லிருந்து விலகினாலும் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகாது என்று முடிவு கட்டினார்.

அப்புறம் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை! கேவண்டிஷ் மகா கூச்ச சுபாவி. அதை வெளியிடவே இல்லை. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளைத் தொகுத்து 1879-இல் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. விதிக்குக் கூலோம் பெயர் நிலைத்ததில் ஆச்சரியமில்லை.

மேக்ஸ்வெல் காலத்தில் அந்த வரம்பு 20,000-இல் ஒரு பங்காக இறங்கியது. 1971-இல் அமெரிக்காவில் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் மூவரும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த உலோகக் கூடுகளில் இதே சோதனையைச் செய்தார்கள். விலகல் இருந்தால்கூடப் பத்தாயிரம் டிரில்லியனில் சில பங்குதான் என்று தெரிந்தது.

ஒளிக்கு எடை இருந்தால்?

சரி, விலகல் ஏன் வர வேண்டும்? அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது: ஃபோட்டான்.

மின்விசையைச் சுமந்து செல்வது ஒளித்துகளான ஃபோட்டான். அதற்கு நிறை இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 1936-இல் ருமேனியாவில் பிறந்த அலெக்சாந்த்ரு புரோக்கா, நிறையுள்ள துகள் ஒன்று விசையைச் சுமந்தால் சமன்பாடுகள் எப்படி மாறும் என்று எழுதினார். அதன்படி ஒவ்வொரு நிறைக்கும் ஒரு 'எட்டும் தூரம்' உண்டு. அந்தத் தூரத்துக்குள் கூலோம் விதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தாண்டினால் விசை சரசரவென்று சரியும்.

எவ்வளவு சரியும்? எட்டும் தூரத்தில் நிற்கும்போது கூலோம் சொல்வதில் 74 விழுக்காடு விசை இருக்கும். ஐந்து மடங்கு தள்ளிப் போனால் 4 விழுக்காடு. பத்து மடங்கு போனால் 0.05 விழுக்காடு. அதற்கு மேல் விசை இருக்கிறது என்று சொல்வதற்கே அர்த்தமில்லை.

விசையோடு கதை முடியவில்லை. ஃபோட்டானுக்கு நிறை இருந்தால் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் போகாது. சிவப்பு ஒளி நீல ஒளியைவிட மெதுவாக வரும், ரேடியோ அலை இன்னும் மெதுவாக வரும்.

மிகச் சிறிய நிறையைப் பிடிக்க மிகப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். அதனால் ஆய்வு விண்வெளிக்குப் போனது. 1973-இல் பயனியர் 10 விண்கலம் வியாழனைக் கடந்தபோது எடுத்த காந்தப்புல அளவுகள் ஒரு வரம்பு தந்தன. பிறகு சூரியக் காற்றின் காந்தப்புலம் இன்னும் இறுக்கமான வரம்பைத் தந்தது. இன்று ஏற்கப்படும் கணக்குப்படி, ஃபோட்டானுக்கு நிறை இருந்தாலும் அது எலக்ட்ரானின் நிறையில் ஒரு டிரில்லியனில் ஒரு டிரில்லியனில் இரண்டு பங்குக்கு மேல் போகாது. எட்டும் தூரமாகச் சொன்னால் குறைந்தது 200 மில்லியன் கிலோமீட்டர். பூமியிலிருந்து சூரியன் 150 மில்லியன் கிலோமீட்டர்தான்!

ஆக, உங்கள் வீட்டுக்குள் கூலோம் விதிக்கு ஆபத்தில்லை.

இதில் ஒரு வேடிக்கை. விசை இப்படித் திடீரெனச் சரிவதை உப்புத் தண்ணீரிலேயே பார்க்கலாம். நம் உடல் திரவங்களில் ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி எதிர் மின்னூட்டமுள்ள அயனிகள் மொய்த்துக்கொள்வதால், அதன் விசை ஒரு நானோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். எம்ஆர்ஐ கருவியின் மீக்கடத்திக் கம்பிக்குள் ஃபோட்டான், நிறை உள்ளது போலவே நடந்துகொள்ளும். ஆனால் இங்கெல்லாம் அடிப்படை விதி மாறவில்லை. சுற்றியிருக்கும் கூட்டம்தான் மறைக்கிறது.

ரொம்பக் கிட்டே போனால்

இப்போது எதிர்த்திசையில் போவோம். தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் கூலோம் சூத்திரத்தில் விசை எகிறும். தூரம் பூஜ்யம் என்றால் விசை முடிவிலி. எலக்ட்ரான் ஒரு புள்ளி என்றால் அதன் மின்புலத்தில் இருக்கும் ஆற்றலும் முடிவிலி. இது நிச்சயம் இடிக்கிறது.

மேக்ஸ் பார்னும் லியோபோல்ட் இன்ஃபெல்டும் 1934-இல் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்கள். வேகத்துக்கு ஒளிவேகம் ஓர் உச்சவரம்பாக இருக்கிறதல்லவா? அதேபோல மின்புலத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கட்டும். அவர்கள் கணக்கில் அது மீட்டருக்கு ஏறத்தாழ நூறு மில்லியன் டிரில்லியன் வோல்ட்.

தள்ளி நின்றால் எந்த வித்தியாசமும் தெரியாது. எலக்ட்ரானிலிருந்து மூன்றரை ஃபெம்டோமீட்டர் தூரத்துக்கு வரும்போது (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு டிரில்லியன் பங்கு) மின்புலம் கூலோம் சொல்வதில் 71 விழுக்காடுதான் இருக்கும். இன்னும் நெருங்கினால் வரம்பில் போய் முட்டி நின்றுவிடும். முடிவிலி காணாமல் போச்சு.

இதற்கு ஒரு விலை உண்டு. பள்ளியில் விசைகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுகிறோமே, அது இங்கே செல்லாது. மூன்றாவது மின்னூட்டம் பக்கத்தில் வந்தாலே முதல் இரண்டுக்கும் இடையிலான விசை மாறிவிடும். ஒளியும் ஒளியும்கூட ஒன்றையொன்று பாதிக்கும்.

அந்தக் கடைசி விஷயத்தைச் சோதிக்கலாம். செர்ன் ஆய்வுக்கூடத்தின் அட்லாஸ் குழு, ஈய அயனிகளை ஒன்றையொன்று உரசாமல் கடக்க விட்டு, ஒளி ஒளியோடு மோதிச் சிதறுவதற்கான ஆதாரத்தை 2017-இல் வெளியிட்டது. கிடைத்த அளவு வழக்கமான குவாண்டம் கோட்பாட்டோடு ஒத்துப்போனது. பார்ன் முதலில் சொன்ன வரம்புக்கு அதில் இடமில்லை. வரம்பு ஒன்று இருந்தால் அது இன்னும் மிக மிக மேலே இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமன்பாடு சாகவில்லை. 1980-களில் ஸ்ட்ரிங் தியரிக்குள் அது தானாகவே மறுபடி முளைத்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கடைசியில் மாறியது எது?

நிஜத்தில், மிகக் கிட்டே போனால் விசை மாறத்தான் செய்கிறது. ஆனால் பார்ன் நினைத்ததற்கு நேர் எதிராக: குறையவில்லை, கூடுகிறது.

வெற்றிடம் முழு வெறுமை அல்ல. மின்னூட்டத்தைச் சுற்றி எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடிகள் கணநேரம் தோன்றி மறைந்து, ஒரு திரை போல அதை மூடுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் திரைக்குப் பிறகு மிஞ்சியதுதான் தெரியும். உள்ளே நுழைந்தால் மின்னூட்டம் பெரிதாகத் தெரியும். இந்தத் திருத்தத்தை எட்வின் யூலிங் 1935-இல் கணக்கிட்டார். மின்விசையின் வலிமையைக் குறிக்கும் எண் சாதாரணமாக 137-இல் ஒரு பங்கு. புரோட்டானின் அகலத்தில் பல நூறில் ஒரு பங்கு தூரத்தில் அது 128-இல் ஒரு பங்கு. சுமார் 7 விழுக்காடு கூடுதல்.

இந்தத் திருத்தம் ஒருமுறை பெரிய பரபரப்புக்கு நடுவில் வந்து நின்றது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிலையத்தில், ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானுக்குப் பதிலாக மியுவானை வைத்தார்கள். எலக்ட்ரானைவிட 207 மடங்கு நிறை கொண்ட மியுவான், புரோட்டானை ஏறக்குறைய 200 மடங்கு நெருக்கமாகச் சுற்றும். யூலிங் திருத்தம் அங்கே பெரிதாகத் தெரியும். அதையெல்லாம் கணக்கில் எடுத்து, 2010-இல் புரோட்டானின் ஆரம் 0.842 ஃபெம்டோமீட்டர் என்று அறிவித்தார்கள். அதுவரை ஏற்கப்பட்டிருந்த அளவு 0.877.

4 விழுக்காடு வித்தியாசம். மியுவானுக்கும் புரோட்டானுக்கும் இடையே கூலோம் விசையோடு இன்னொரு புதிய விசையும் இருக்கிறதோ என்று கட்டுரைகள் குவிந்தன. நோபெல் பரிசு வாசம் அடித்தது.

பிறகு சாதாரண ஹைட்ரஜனையே புதிதாக, கவனமாக அளந்தார்கள். 2019-இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகக் குழுவுக்குக் கிடைத்தது 0.833. அமெரிக்காவில் எலக்ட்ரான்களைப் புரோட்டான் மீது சிதறடித்த குழுவுக்கு 0.831. இரண்டும் சின்ன எண்ணின் பக்கம். அனைத்துலக மாறிலிப் பட்டியலும் 0.841-க்கு மாறிக்கொண்டது. புதிய விசை தேவைப்படவில்லை. சுருங்கியது புரோட்டான்தான்.