விசையும் விரலும் – 6: ‘எம்’ விசைக்கு அடுத்து ‘என்’

பிரித்தானிய நிரலாளர் சைமன் டாதம் 2004ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிவரும் புதிர்த் தொகுப்பில், ‘என்’ விசை புதிய ஆட்டத்தைத் தொடங்கும், ‘கியூ’ விசை நிரலை மூடும், ‘யூ’ விசை கடைசி நகர்வைத் திரும்பப் பெறும். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலிருந்தே கட்டளையிட உதவும் இவை குறுக்குவிசைகள் எனப்படும். இத்தொகுப்பின் ‘கீன்’, ‘டவர்ஸ்’ போன்ற எண்புதிர்களில், விடை எழுதப்படாத கட்டங்கள் எல்லாவற்றிலும் எல்லா எண்களையும் சிறு குறிப்புகளாக நிரப்புவது ‘எம்’ விசையின் வேலை. அதை ஒட்டியே ‘என்’ விசை இருப்பதால், குறிப்பு நிரப்பப் போன விரல் சற்று விலகினாலே பாதி தீர்த்த புதிர் மறைந்து வேறொரு புதிர் வந்து நிற்கக்கூடும்.

நோக்கமே பிழையாக இருப்பதையும், நோக்கம் சரியாக இருந்து கை மட்டும் தவறுவதையும் உளவியலாளர் டொனால்ட் நார்மன் வேறுபடுத்திக் காட்டினார். இரண்டாவது வகை, யோசிக்காமலே கை ஓடும் அளவுக்குப் பழகியவர்களிடமும் நிகழ்வதால், பயிற்சியால் மட்டும் அதைத் தடுத்துவிட முடியாது.

‘ஆட்டத்தைக் கைவிடலாமா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பதே பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்போது ‘ஆம்’ என்பதும் கட்டளையின் ஒரு பகுதியாகவே கைக்குப் பழகிவிடுகிறது என்பதையும், அதனால் கேள்வியைவிடச் செய்ததைத் திரும்பப் பெறும் வசதியே மேலான காப்பு என்பதையும், ஆப்பிளின் மேக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் 2000ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விளக்கினார்.

டாதமின் தொகுப்பும் பின்னாளில் இவ்வழியையே மேற்கொண்டது. புதிய ஆட்டம் தொடங்குவதற்கு முன், பழைய ஆட்டத்தின் கட்டங்களும் அதுவரையிலான நகர்வுகளும் நினைவகத்தில் பதிந்துவைக்கப்படுவதால், உடனே ‘யூ’ விசையை அழுத்தினால் பழைய புதிர் விட்ட இடத்திலேயே திரும்பிவிடுகிறது. ஆனால் நிரலே மூடப்பட்டால் நினைவகத்தில் இருப்பதும் போய்விடும் என்பதால், ‘கியூ’ விசைக்கு இந்தக் காப்பு பயன்படாது. தனி எழுத்துகள் கட்டளையாக வேலை செய்யாமல், கன்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தினால் மட்டுமே செயல்படும்படி மாற்றிக்கொள்ளும் விருப்பத்தேர்வு அக்குறையை ஈடுசெய்கிறது. இரு விசைகள் தேவைப்படும் கட்டளை ஒரு விரலின் தவறலால் நிகழாது.

இந்த விருப்பத்தேர்வின் பயன் புதிர்களோடு நிற்பதில்லை. வாய்மொழியால் கணினியை இயக்குபவர் பேசும் சொற்கள் எழுத்தெழுத்தாக நிரலுக்குப் போய்ச் சேரும்போது, ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளையாக மாறிவிடக்கூடும். அதனால்தான் 2018இல் வெளியான வலைத்தள அணுகல்தன்மை நெறிமுறைகளின் 2.1ஆம் பதிப்பு, ஓரெழுத்துக் குறுக்குவிசைகளை அணைக்கவோ மாற்றவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட உறுப்பு தேர்வில் இருக்கும்போது மட்டுமே அவை இயங்க வேண்டும் என்பதை அடிப்படை நிலைத் தேவைகளுள் ஒன்றாக வைத்தது.

ஆக, மீட்கக்கூடிய செயலுக்கு எளிய விசையும், மீட்க முடியாத செயலுக்கு இரு விசைக் கட்டளையும் பொருந்தும். கேள்வி கேட்பது, இவ்விரண்டாலும் காக்க முடியாத அரிய இடங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டியது.

(அடுத்த வாரம்: தானாகச் சேமிக்கும் மென்பொருள்கள்)