கடற்கரைச் சிறுநகரில் புதிய மனைகள்



வேதாரணியம் நகருக்குள் நுழையும் சாலைகளில் பயணம் செய்வோர், வயலுக்கும் கொல்லைக்கும் இடையே வண்ணம் பூசிய சிறு கற்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருப்பதைக் காண்பர். முகப்பில் வளைவு ஒன்று நிற்கும். அதன்மேல் ஏதேனும் ஒரு பெயருடன் ‘நகர்’ என்னும் சொல் எழுதப்பட்டிருக்கும். வீடு ஒன்றேனும் எழும்பு முன்னரே நகர் எழுந்துவிட்டது! பல ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்த எனக்கு அக்காட்சி வேறொன்றை நினைவூட்டும். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் நிறைந்திருக்க, வகுப்பில் பலகைகள் வெறுமையாகக் கிடக்கும் பள்ளியே அது. இத்தகைய மனைப்பிரிவு ஒன்று மக்கள் வாழும் தெருவாக மாறுமா, அன்றிக் கற்களோடு நின்றுவிடுமா என்பதை எவ்வாறு கணிப்பது? அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தஞ்சைப் பகுதியில் நிலத்தைக் குழி, மா, வேலி என அளப்பது பழைய வழக்கம். 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். மனை வணிகர் நிலத்தை மாக் கணக்கில் வாங்கிச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார். இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. சாலைக்கும் பொது இடத்திற்கும் நிலம் விட வேண்டும். மண் நிரப்ப வேண்டும். அரசுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆயினும் அளவுகோல் மாறும்போது விலை தாவுகிறது என்பதை வாங்குவோர் பலர் உணர்வதில்லை.

இனி ஒரு கணக்குப் போடுவோம். தாளும் எழுதுகோலும் வைத்திருப்போர் உடன் எழுதிப் பார்க்கலாம். 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வேதாரணியம் நகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 31,600. 2011 இல் அது ஏறக்குறைய 34,200. பத்தாண்டுகளில் கூடியவர் 2,600 பேர். குடும்பத்திற்கு நால்வர் என்று கொண்டால் 650 குடும்பங்கள், ஆண்டுக்கு 65. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்து தனிக்குடித்தனம் போவதையும் எண்ணி, இதனை இருமடங்காக்கி 130 என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுள் பாதிப்பேரேனும் தந்தை வழிக் கொல்லையிலோ, பழைய வீட்டின் பின்புறத்திலோ கட்டிக்கொள்பவர். எஞ்சியவர் ஆண்டுக்கு 65 குடும்பத்தினர்.

மறுபுறம் பாருங்கள். ஐந்து ஏக்கர் நிலம் 2,17,800 சதுர அடி. சாலையும் பொது இடமும் போக, ஐந்தில் மூன்று பங்கு விற்பனைக்கு நிற்கும் என்று கொண்டால் 1,30,680 சதுர அடி. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி வீதம் பிரித்தால் 108 மனைகள். ஆக, ஐந்து ஏக்கரில் அமையும் ஒரே ஒரு மனைப்பிரிவு, நகரம் முழுவதன் ஒன்றரை ஆண்டுத் தேவைக்கும் மேலாக மனைகளை வழங்கிவிடுகிறது. ஒரே காலத்தில் நான்கு மனைப்பிரிவுகள் தோன்றினால், ஆறரை ஆண்டுத் தேவை ஒரு நாளில் சந்தைக்கு வந்துவிடுகிறது. என் ஊகங்களைச் சற்று மாற்றினால் விடையும் மாறும், மாற்றிப் பாருங்கள். எனினும் கற்கள் பெருகும் வேகத்தில் குடும்பங்கள் பெருகுவதில்லை என்னும் உண்மை மாறாது.

அப்படியாயின் விலை வீழ்ந்துவிட வேண்டுமே என்று பொருளியல் பயிலும் மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆறுகாட்டுத்துறையில் ஒரே காலையில் பல படகுகள் மீனுடன் கரையேறினால், உச்சிப்பொழுதுக்குள் ஏலத்தில் விலை சரிந்துவிடும். மீன் காத்திராது, மனையோ காத்திருக்கும். அழுகாத பொருளின் உடைமையாளர் விலையைக் குறைப்பதில்லை, விற்காமல் வைத்துக்கொள்கிறார். ஆதலால் சிறிய சந்தையில் மனைகள் மிகுந்தால், வாயால் சொல்லும் விலை அப்படியே நிற்கும். வாங்குபவர் வருவதற்குரிய காலமே நீளும். ஓராண்டு ஐந்தாண்டாகும், ஐந்தாண்டு பத்தாண்டாகும். விலை வீழ்ச்சி என்பது அங்கே காத்திருத்தல் என்னும் வேடம் பூண்டு வருகிறது.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. 2009 இல், என் வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெற்று, நகரின் புறத்தே ஒரு மனை வாங்கினேன். மகளின் மேற்படிப்புக்கு உதவும் என்பது என் எண்ணம். வரைபடத்தில் பூங்கா ஒன்று பச்சை வண்ணத்தில் இருந்தது. மனைகள் அனைத்தும் ஓராண்டில் விற்றுத் தீர்ந்தன என்று கேட்டு மகிழ்ந்தேன். வாங்கியோருள் பெரும்பாலோர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துப் பணம் அனுப்புவோர் என்பதையும், அவர்களுள் எவரும் அங்கே வீடு கட்ட எண்ணியவர் அல்லர் என்பதையும் பின்னரே அறிந்தேன். நகையை வாங்கிப் பெட்டியில் வைப்பது போல மனையை வாங்கி வைத்திருந்தனர். பச்சை வண்ணப் பூங்காவும் சில ஆண்டுகளில் மனைகளாகி விலைபோயிற்று. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஆண்டில் மனையை விற்க முற்பட்டேன். அனைவரும் விலை கேட்டனர், ஒருவரும் வாங்கவில்லை. மனைவியின் வளையல்களே அவ்வாண்டு உதவின. 120 மனைகள் கொண்ட அவ்விடத்தில் இன்று ஏழு வீடுகள் உள்ளன. விற்றுத் தீர்ந்த மனைப்பிரிவு வேறு, குடியேறிய மனைப்பிரிவு வேறு என்பதற்கு நானே சான்று.

அடுத்து, நீர். கடற்கரை ஊரில் மனையின் தலைவிதியை எழுதுவது இதுவே. ஆதலின் இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வேதாரணியம் மணல்மேட்டின்மீது அமைந்த ஊர். பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 எனின் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இச்சிறு வேற்றுமையால் ஒரு பெரிய விளைவு உண்டாகிறது. கடல்மட்டத்திற்குமேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். டச்சு நாட்டவரான கைபென், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவர் தனித்தனியே கண்ட உண்மை இது. இதன் மறுபக்கம் அச்சம் தருவது. மேலே ஓர் அடி நீர் குறைந்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவிடக்கூடும். பிற ஊர்களில் நீர் கிட்டாவிடில் மேலும் ஆழமாகத் துளையிடுவர். இங்கே அவ்வாறு செய்பவர் உப்பைத் தேடிச் சென்றவராவர். நம் முன்னோர் அகலமான, ஆழமில்லாத கிணறுகளை வெட்டி, வாளியால் சிறிது சிறிதாக இறைத்தது அறியாமையால் அன்று. நூறு மனைகளில் நூறு ஆழ்துளைக் குழாய்களும் நூறு மோட்டார்களும் வந்தால், முதலில் வீடு கட்டியவரின் நன்னீரைப் பின்னால் வந்தவர்கள் அனைவரும் சேர்ந்து உவராக்கிவிடுவர். கொள்ளிடத்து நீர் குழாய் வழியாக இப்பகுதிக்கு வருவது பெரும் பேறே. ஆனால் அக்குழாய் புதிய மனைப்பிரிவின் வாயில் வரை வந்துள்ளதா என்று கேட்க வேண்டும். ‘வரும்’ என்பது விடையாகாது.

நீருக்கு அடுத்தது நில மட்டம். பழைய குடியிருப்புகள் மேட்டில் இருக்கின்றன. புதிய மனைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பள்ளமே. மேட்டில் இடம் இருந்திருந்தால் முன்னோர் விட்டுவைத்திருப்பரா? பள்ளத்தில் இரண்டடி மண் நிரப்பினால் அந்த மனை உயரும். அதில் நின்ற நீர் அண்டை வயலுக்கோ அண்டை வீட்டுக்கோ செல்லும். வடிகால் வாய்க்காலைத் தூர்த்து அமைத்த சாலை, ஐப்பசி கார்த்திகை மழையில் தானே வாய்க்காலாகிவிடும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தபோது, தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்ததையும், கூரைகள் பறந்ததையும் கண்டவன் நான். அதன்பின் என் மனையைப் பார்க்கச் சென்றேன். எல்லைக் கற்கள் நான்கும் நீருள் மூழ்கியிருந்தன. எது என் மனை என்று எனக்கே தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது பலரும் பேசும் பொருள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாதென 2016 இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது; பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017 இல் அரசு விதிகள் வகுத்தது. கடலோரத்திற்கெனத் தனி விதிகள் 1991 இல் தோன்றி, 2011 லும் 2019 லும் மாற்றியமைக்கப்பட்டன. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் அவற்றின் ஆட்சிக்கு உட்பட்டது. கடலோடு தொடர்புடைய கழிகளின் கரைகளும் அவ்வாறே. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பதோடு, வரைபடத்திலுள்ள பூங்காவும் சாலையும் உள்ளாட்சி மன்றத்திற்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டனவா என்றும் பார்த்தல் வேண்டும். நான் அதனைப் பார்க்கத் தவறியவன்.

இவ்வளவும் கேட்டுப் புதிய குடியிருப்புகளே வேண்டா என்று நான் கூறுவதாக எண்ணற்க. திருத்துறைப்பூண்டி – அகத்தியன்பள்ளி இருப்புப்பாதை பல ஆண்டு இடைவெளிக்குப் பின் அகலப்பாதையாகி, 2023 ஏப்ரல் 8 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. கஜாவுக்குப் பின், கூரை வீட்டில் இருந்தோர் காரை வீட்டை நாடுகின்றனர். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுச் சுற்றுச் சிற்றூர்களிலிருந்து நகருக்குக் குடிபெயர்வோர் உள்ளனர். இவையனைத்தும் மெய்யான தேவைகள். பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து செல்லும் தொலைவில், மேட்டு நிலத்தில், முப்பது நாற்பது மனைகளோடு அமையும் பிரிவு நிறைந்துவிடும் என்றே கருதுகிறேன். ஊருக்கு அப்பால், வளைவின் அழகை நம்பி முந்நூறு மனைகளோடு தொடங்கும் பிரிவுக்கு அந்நம்பிக்கையை என்னால் அளிக்க இயலாது.

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து பேசினான். அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்பவன். “ஐயா, ஊரில் புது மனை ஒன்று பார்த்திருக்கிறார்கள். முன்பணம் அனுப்பட்டுமா?” என்று கேட்டான்.

“வீடு கட்டவா தம்பி, சும்மா போட்டு வைக்கவா?” என்றேன்.

“கட்டத்தான் ஐயா. அம்மா இன்னும் கூரை வீட்டில் இருக்கிறார்கள்.”

“அப்படியானால் முதலில் அம்மாவை அனுப்பித் தண்ணீரைப் பார்க்கச் சொல்” என்றேன்.

அவ்வம்மையார் முப்பது ஆண்டுகள் உப்பளத்தில் உழைத்தவர். ஆனி மாதத்து வெயிலில் நானும் உடன் சென்றேன். சாலையோர முதல் வரிசையை ஒட்டிய பழைய கிணற்றிலிருந்து ஒரு குடமும், கடைசி வரிசையில் விற்பனையாளர் இறக்கியிருந்த குழாயிலிருந்து ஒரு குடமும் எடுத்து வந்தார். நாவில் விட்டுப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. இரண்டு அடுப்பில் இரண்டு பானைகளை ஏற்றிப் பருப்பு வேகவைத்தார். கிணற்று நீரில் பருப்பு மலர்ந்து குழைந்தது. குழாய் நீரில் ஒரு மணி நேரம் கடந்தும் பருப்பு விறைத்தே கிடந்தது. கார்த்திகையில் மீண்டும் சென்று பார்த்தோம். கடைசி மூன்று வரிசைகளில் கணுக்கால் அளவு நீர் நின்றது. முதல் இரண்டில் மண் ஈரமாக மட்டும் இருந்தது. முதல் வரிசையில் விலை சற்று அதிகம். மகன் அதற்கு இசைந்துவிட்டான். வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்; அது வந்த பின்னரே முன்பணம் கொடுப்பதென்று அம்மையார் சொல்லியிருக்கிறார்.