வண்டிக்குப் பூசும் பில்லர்: நல்லது எது? நம்மை ஏமாற்றுவது எது?



நமது குடும்பங்களில் ஒரு வண்டி வாங்குவது சின்ன விஷயமில்லை. சேமலாப நிதிக் காசு, சீட்டுக் காசு, அடகு வைத்த தோடு, கொழும்புக் கடையில் நிற்கும் மகன் அனுப்பியது எல்லாம் சேர்ந்துதான் ஓர் ஆட்டோவாகவோ பழைய வேனாகவோ வந்து லயத்தடியில் நிற்கிறது. ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அந்த வண்டிதான். மாதா மாதம் லீசிங் கட்ட உழைப்பதும் அந்த வண்டிதான்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டில் இருந்த பழைய வண்டிகளே தட்டிக்கொட்டி, பூசி, பெயின்ட் அடித்து, கைமாறிக் கைமாறி ஓடின. அப்படிப்பட்ட வண்டிதான் நம் கைக்கும் வருகிறது. ஆகவே பெயின்டுக்கு அடியில் இருக்கும் பில்லர் என்ற பொருளைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விளக்கமாகப் பேசுவோம். வண்டி வாங்கும் பெற்றோரும், கராஜில் டிங்கர் வேலை பழகும் பிள்ளைகளும் சேர்ந்தே வாசியுங்கள்.

பில்லர் என்றால் என்ன?

வண்டியின் தகடு நசுங்கினால் முதலில் சுத்தியலால் தட்டி நேராக்குவார்கள். எவ்வளவு தட்டினாலும் சின்னச் சின்ன மேடுபள்ளம் மிஞ்சும். அதை நிரப்பும் பசைதான் பில்லர். பட்டி என்றும் சொல்வதுண்டு. டின்னில் இருப்பது பொலியெஸ்டர் ரெசினும், பவுடருக்குப் போடும் டல்க் என்ற மாவும், ஸ்டைரின் என்ற மணக்கும் திரவமும் சேர்ந்த கலவை. கூடவே ஒரு சின்ன டியூப் தருவார்கள், அது ஹார்ட்னர். இரண்டையும் கலந்தால் சூடேறி, சில நிமிடங்களில் கல்லுப்போல இறுகிவிடும்.

முந்திய காலத்தில் இந்த வேலைக்கு ஈயத்தை உருக்கி ஊற்றி ராவினார்கள். ஈயப் புகையும் தூளும் உடம்புக்கு நஞ்சு. 1950களில் அமெரிக்காவில் மயாமி நகரில் கராஜ் வைத்திருந்த ரொபர்ட் மேர்ட்டன் ஸ்பிங்க் என்பவர் ஈயத்துக்குப் பதிலாக ரெசினும் டல்க்கும் கலந்த பசையைச் செய்து 'பொண்டோ' என்ற பெயரில் விற்றார். இன்று நம் நாட்டுக் கடைகளில் பல பெயர்களில் கிடைப்பதும் அடிப்படையில் அதே வகைதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். பில்லர் பள்ளத்தை நிரப்பும். தகட்டுக்குப் பலம் தராது. தகடு உறுதியாக இருந்தால்தான் பில்லர் நிற்கும்.

கடற்கரை வண்டியும் மலை வண்டியும்

பதுளைப் பக்கத்திலிருந்து பிபிலை, மகாஓயா, அம்பாறை வழியாக இறங்கினால் கல்முனை. அதன் பக்கத்தில், ஒருபுறம் வயல்வெளியும் கிழக்கே கடலுமாக இருக்கிறது நற்பிட்டிமுனை. தமிழரும் முஸ்லிம்களும் அக்கம்பக்கமாக வாழும் ஊர். அங்கே நிற்கும் வண்டிக்கு எதிரி உப்புக்காற்று. துருவை அந்தப் பக்கத்தில் 'கறள்' என்பார்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தகட்டிலேயே வைத்திருக்கும். அதனால் மழை இல்லாத நாளிலும் கறள் பிடிக்கும். கதவின் அடிப்பக்கம், மட்கார்ட்டின் உள்விளிம்பு, தரைத்தகடு என்று கண்ணுக்குப் படாத இடத்தில் உள்ளிருந்து தின்றுகொண்டு வரும்.

நமது மலையில் உப்பு இல்லை. ஆனால் பனியும் மழையும் சேறும் உண்டு. ஈரம் காயாது.

இப்போது கல்முனை, நற்பிட்டிமுனைப் பக்கத்தில் ஓடிய ஓர் ஆட்டோ ஹட்டன் தோட்டத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே துருவைச் சுரண்டாமல் மேலே பில்லர் அப்பியிருந்தால் என்ன ஆகும்? உப்பு அடியிலேயே கிடக்கிறது. நமது மழை அதற்கு ஈரம் கொடுக்கிறது. தகட்டுக்கும் பில்லருக்கும் இடையில் துரு வளர்ந்து பில்லரைத் தூக்கும். பெயின்ட் முதலில் கொப்பளிக்கும், பிறகு வெடிக்கும், கடைசியில் துண்டாகவே கழன்று விழும். பில்லர் கூடாதது என்று நாம் பேசுவோம். குற்றம் பில்லரில் இல்லை. அதைப் பூசிய இடத்தில் இருக்கிறது.

துரு பிடித்த இடத்தை வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் அழுகிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டைக்குள் பேப்பரையோ சாக்கையோ திணித்து மேலே பில்லர் பூசுவது வேலையே அல்ல.

எந்த வேலைக்கு எந்தப் பில்லர்?

"நல்ல பில்லரா ஒண்ணு குடுங்க" என்று கடையில் கேட்டால் கடைக்காரர் எதைத் தருவார்? என்ன வேலைக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

சாதாரண பொலியெஸ்டர் பில்லர்: தட்டி நேராக்கிய தகட்டில் மிஞ்சும் பள்ளத்துக்கு. பூசித் தேய்த்து முடிந்த பிறகு சுமார் 3 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பம் இருக்கக் கூடாது. அதைவிட ஆழமான பள்ளமாக இருந்தால் இன்னும் தட்ட வேண்டும்.

கண்ணாடி நார் கலந்த பில்லர்: உள்ளே நார் இருப்பதால் உறுதி அதிகம், தண்ணீரையும் அவ்வளவாக இழுக்காது. வெல்டிங் செய்த மூட்டின் மேல் பூச ஏற்றது. தேய்ப்பது கடினம்; ஆகவே இதன் மேல் சாதாரண பில்லர் மெல்லிசாகப் பூசி முடிப்பார்கள்.

மெல்லிய பினிஷிங் பில்லர்: ஊசித்துளையும் எமரித் தாள் கீறலும் மறைய, கடைசியாக.

ஹார்ட்னர் இல்லாமல் டியூபில் வரும் புட்டி: இது காற்றில் காய்வது. தலைமயிர் அளவு கீறலுக்கு மட்டும் சரி. பள்ளத்துக்குப் போட்டால் நாள் போகப் போகச் சுருங்கும். பெயின்ட் அடித்த பிறகு பள்ளம் திரும்பவும் தெரியும். விலை குறைவு என்று இதையே எல்லாவற்றுக்கும் பூசுகிறவர்கள் உண்டு, கவனம்.

நாகம் பூசிய தகடு உள்ள வண்டிக்கு, அந்தத் தகட்டில் பிடிக்கும் என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் பம்பருக்கு வளையக்கூடிய தனிப் பில்லர் இருக்கிறது. சாதாரண பில்லர் போட்டால் பம்பர் வளையும்போது வெடித்துவிடும்.

கடையில் வாங்கும்போது தேதியைப் பார்க்கவும். பழைய டின்னில் ரெசின் மேலேயும் மாவு கீழேயும் பிரிந்திருக்கும். கிளறிச் சேராவிட்டால் அந்த டின் வேண்டாம். தின்னர் ஊற்றி இளக்கிக் கொடுப்பதையும் வாங்காதீர்கள். ஹார்ட்னர் டியூப் சேர்ந்தே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கலப்பதில்தான் பாதி வேலை

விலை கூடிய பில்லரும் கலவை பிழைத்தால் வீண். பொதுவாக 100 கிராம் பில்லருக்கு 2 கிராம் ஹார்ட்னர். தராசு இல்லாதவர்கள், எலுமிச்சம்பழ அளவு பில்லருக்கு ஒரு பெரிய கொண்டைக்கடலை அளவு என்று ஞாபகம் வைக்கலாம்.

ஹார்ட்னர் குறைந்தால் உள்ளே இறுகாமல் மெத்தென்று கிடக்கும். கூடினால் துளை துளையாக வரும். ஹார்ட்னரின் கறை பெயின்ட்டுக்கு மேலேயும் ஊறித் தெரியும். வரிவரியாக இல்லாமல் ஒரே நிறம் வரும்வரை கலக்க வேண்டும். முட்டை அடிப்பதுபோல அடித்தால் காற்றுப் புகும். அழுத்தி மடித்துக் கலக்க வேண்டும். அட்டைத் துண்டில் கலந்தால் அட்டை ரெசினை உறிஞ்சும். கண்ணாடித் துண்டோ தகடோ நல்லது. மிஞ்சியதைத் திரும்ப டின்னில் போடவே கூடாது.

கல்முனை வெயிலில் கலவை மளமளவென்று இறுகும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பார்கள். நுவரெலியாக் குளிரில் அதே கலவை சோம்பிக் கிடக்கும்; 10 பாகைக்குக் கீழே போனால் இறுகுவதே அரிது. "காயுதில்லையே, இன்னும் கொஞ்சம் ஹார்ட்னர் போடுடா" என்று அள்ளிப் போடுவது பிழை. 3 கிராமைத் தாண்ட வேண்டாம். விடிகாலைப் பனியில் பூசாமல், வெயில் ஏறிய பிறகு தகடு சூடு பிடித்ததும் பூசினால் போதும்.

தண்ணீர் ஊற்றித் தேய்க்கலாமா?

கூடாது. தூசி பறக்காமல் இருக்கவென்று சில கராஜ்களில் பில்லர் மேல் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறார்கள். பில்லரில் இருக்கும் டல்க் மாவு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் அடித்து மூடினால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் தகட்டைத் தின்னும். பில்லரை உலர்வாகவே தேய்க்க வேண்டும்: முதலில் 80ஆம் நம்பர், பிறகு 180, பிறகு 320. பிரைமர் அடித்து மூடிய பிறகு தண்ணீர்த் தேய்ப்புச் செய்யலாம். அதேபோல, பில்லர் பூசிய வண்டியைப் பிரைமர் இல்லாமல் மழையில் நிறுத்தி வைக்கவும் கூடாது.

வண்டி வாங்கப் போகும்போது

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வண்டியைப் பிட்டுப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பக்கம், மட்கார்ட், மூலைகள் என்று வைத்துப் பாருங்கள். நல்ல தகட்டில் பிடித்துக்கொள்ளும். தடிப்பமாகப் பில்லர் உள்ள இடத்தில் வழுக்கி விழும். (பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் பிடிக்காது.) விரலால் தட்டினாலும் தகடு கணீரென்றும் பில்லர் மொத்தென்றும் கேட்கும். வண்டிக்கு அடியில் குனிந்து, உள்பக்கத் தகட்டையும் பாருங்கள். வெளியே பளபளப்பும் உள்ளே துருவுமாக இருந்தால் முற்பணம் கொடுக்க வேண்டாம். மினுங்கும் பெயின்ட்டைப் பார்த்து அவசரப்படும் பிள்ளைகளிடம், "கொஞ்சம் பொறுப்பா, அடியையும் பாத்துட்டு வருவோம்" என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

கராஜில் நிற்கும் நமது பிள்ளைகளுக்கு

ஸ்டைரின் மணம் தலையைச் சுற்ற வைக்கும். மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று கருதப்படும் பொருட்களின் வரிசையில், உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018இல் அதைச் சேர்த்தது. காற்றோட்டமான இடத்தில் கலக்க வேண்டும். தேய்க்கும்போது வரும் தூசி நெஞ்சுக்குள் போகாமல் தூசிக்கான நல்ல மாஸ்க் போட வேண்டும். கைக்குட்டை கட்டுவது போதாது. ஹார்ட்னர் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டின்னையும் டியூபையும் லயத்து அடுப்படியில் வைக்காதீர்கள். அவை நெருப்புக்கு ஆகாதவை.

சம்பளத்தோடு சேர்த்து மாஸ்க்கையும் கேட்பதில் வெட்கமில்லை. பல வருடம் கராஜில் நின்று கைப்பழக்கத்தால் தொழில் தெரிந்த பிள்ளைகள், தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில், அதாவது நைட்டாவில், விசாரித்துப் பாருங்கள். செய்த வேலையைப் பரிசோதித்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. கையில் சான்றிதழ் இருந்தால் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் மதிப்பு வேறு.

எந்தக் கம்பனி டின் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், கராஜ்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். துருவை முழுதாக எடுத்தீர்களா? ஓட்டைக்குத் தகடு போட்டீர்களா? பில்லரை உலர்வாகத் தேய்த்தீர்களா? பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை வந்து பார்க்கிறோம் என்றும் சொல்லி வையுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் அதற்குக் கோபிக்க மாட்டார்.